இந்த மடல் வேண்டாம்

காலைப் பாலை அளந்து, கேன்களை வண்டியேற்றி அனுப்பிவிட்டால், மூன்று மணி வரை மீனாட்சிபுரம் பால் சொசைட்டியில் ஆள் நடமாட்டம் இருக்காது. பரிசோதனைக் குப்பிகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வேலுத்தாய் தன் சொந்த லேப்டாப்பைத் திறந்தாள். ஒரு மாதமாக இந்த நேரம் சங்கத்துக்கு.

இடுக்கி மலையில் மஞ்சப்புல் எஸ்டேட்டில் பிறந்தவர்களின் சங்கம் அது. இன்னும் அங்கேயே கொழுந்து கிள்ளுகிறவர்கள், வேலை தேடி இறங்கியவர்கள், கல்யாணமாகிப் போனவர்கள் என்று திருப்பூரிலிருந்து குவைத் வரை நானூற்றுச் சொச்சம் பேர். வாட்ஸ்அப் குழு ஒன்று இருந்தது. ஓர் எலெக்‌ஷன் சமயத்தில் இரண்டு கட்சிக்காரர்கள் அதில் அடித்துக்கொண்டு கலைந்துபோனார்கள். மிஞ்சியது வெப்சைட்டும் அதிலிருந்து போகும் மெயில்களும்தான். மெயிலுக்கு ஆறு பட்டியல்கள்: துட்டி, வரன், வேலை, ரத்தம், மழையும் ரோடும், கோயிலும் சர்ச்சும். துட்டி என்றால் சாவுச் செய்தி.

ஆறுக்கும் ஆறு தனிப் பக்கங்கள், ஆறு பாஸ்வேர்டுகள். வரன் மெயிலை நிறுத்தப் போகிறவர் பாஸ்வேர்டு மறந்து, புதிது வாங்கி, அதைக் கொண்டுபோய் வேலைப் பட்டியலின் பக்கத்தில் போட்டு, சிவப்பு எழுத்தில் ‘தவறு’ என்று வந்ததும் செயலாளருக்குப் போன் போட்டு ஏசுவார். செயலாளர் சுவக்கீன், எஸ்டேட் ஆபீஸில் கிளார்க்காக இருந்து ரிட்டையர் ஆனவர். ஏச்சை வாங்கி வாங்கி அலுத்துப்போய்த்தான் அவர் வேலுத்தாயைத் திரும்பக் கூப்பிட்டிருந்தார். அந்த வெப்சைட்டை முதலில் கட்டியவளே அவள்தான்.

அன்றும் அவரே கூப்பிட்டார்.

“வேலு, குவைத்துலேர்ந்து அந்தோணி மகன் நேத்து பேசினான். கல்யாணமாகி மூணு பிள்ளையாச்சாம். இன்னும் வரன் வருதே, யாருக்குப் பாக்குறீங்கன்னு பொண்டாட்டி கேக்காளாம். வீட்டுல சோறில்லையாம்.”

“இந்த வாரத்தோட முடிஞ்சிரும் அண்ணாச்சி. எல்லாம் ஒரே பக்கம். ஆறும் வரிசையா இருக்கும். வேணும்னா டிக், வேண்டாம்னா எடுத்துரலாம். கீழ ஒரே ஒரு பட்டன்.”

“பாஸ்வேர்டு?”

“கெடையாது. மெயில் ஐடியைப் போட்டா ஒரு லிங்க் வரும். அதை அமுக்கினா அவங்கவங்க பக்கம்.”

“துட்டிக்கும் டிக் உண்டா?”

“உண்டு.”

“துட்டி வேண்டாம்னு ஒருத்தன் சொல்லலாமாம்மா? அதை மட்டும் எடுக்க முடியாதபடி வையேன்.”

“யாருக்கு எது வேணும்னு அவங்கதானே அண்ணாச்சி சொல்லணும்” என்றாள். சொல்லிவிட்டாளே தவிர, போனை வைத்த பிறகும் அந்தக் கேள்வி அவளை விடவில்லை.

மலையில் துட்டி சொல்ல ஒரு முறை உண்டு. தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால், அந்த வீட்டு ஆள் ஒருவன் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு டிவிஷன் டிவிஷனாக நடப்பான். எந்த வீட்டுக்குள்ளும் போகமாட்டான், தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கமாட்டான். வாசலில் நின்று, இறந்தவர் பேர், உயிர் போன நேரம், எடுக்கும் நேரம் மூன்றையும் சொல்லிவிட்டு அடுத்த வாசலுக்குப் போவான். கேட்டவர்கள் அடுப்பை அணைத்துவிட்டுக் கிளம்புவார்கள். சொல்லாவிட்டால் கூடப்பிறந்தவர்களே ஆனாலும் போகமாட்டார்கள். சொல்லாததை யாரும் மறதி என்று எடுத்துக்கொள்வதில்லை. நீ எங்களுக்கு வேண்டாம் என்று அந்த வீடு சொல்லிவிட்டதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

வேலுத்தாயின் அப்பா சுடலைமுத்து இறந்தபோது அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

மூன்று வருடங்களுக்கு முந்தைய ஆடி மாதம் அது. மலையில் மண்ணிடிந்து, ரோடு போய், கரண்ட் போய், டவரும் செத்திருந்தது. நான்காம் நாள் திருப்பூரிலிருந்து ஒரு சித்தி மகள் கூப்பிட்டு, “ஏன்க்கா, பெரியப்பாவுக்குக்கூட வரலியே நீங்க?” என்று கேட்டபோதுதான் அவளுக்குத் தெரிந்தது. அண்ணன் நல்லமுத்துவுக்குப் போன் போட்டாள். டவர் அதற்குள் வந்திருந்தது. “எனக்கு ஏன் சொல்லல?” என்றாள். “ஊருக்கே மெயில் போச்சு. ஒனக்கு மட்டும் போகலையோ?” என்றார் அவர். அவள் மெயிலைத் தேடினாள். குப்பைப் பெட்டி வரைக்கும் தேடினாள். இல்லை. அண்ணன்தான் தன் பேரை எடுக்கச் சொல்லியிருக்கிறார் என்று முடிவு செய்துகொண்டாள். யாரிடமும் எதையும் கேட்கவில்லை. கருமாதிக்குப் போகவில்லை. அப்பாவைப் புதைத்த இடத்தை இன்றுவரை பார்த்ததில்லை. மூன்று வருடங்களாக அண்ணனும் தங்கையும் ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்தப் பேசாமை அவளுக்குப் பழகிவிட்டது. அழவேண்டிய அழுகையை அழாமல் இருப்பதற்கு அது ஒரு காரணத்தைக் கொடுத்தது. தப்பு அண்ணனுடையது. அது நிச்சயமாக இருக்கும்வரை, அப்பா இறந்துவிட்டார் என்பதைப் பற்றி அவள் நினைக்க வேண்டியிருக்கவில்லை.

ஆறு பட்டியல்களையும் ஒன்றாக்க, ஒவ்வோர் ஆளின் பழைய விவரத்தையும் புதிய அட்டவணைக்கு மாற்ற வேண்டும். மாற்றிக்கொண்டே வந்தவள், ‘காலமானார்’ என்ற பத்தியில் நின்றாள். உறுப்பினர் யாராவது இறந்தால் செயலாளர் அமுக்குவதற்காக ஆரம்பத்திலேயே அவள் வைத்த பட்டன் நிரப்புகிற பத்தி அது. ஒரே அமுக்கில் ஆறு பட்டியல்களிலிருந்தும் பேர் போய்விடும். செத்தவருடைய போனில் வரன் மெயில் வந்து விழுந்து, வீட்டில் இருப்பவர்களை அழவைக்கக் கூடாது என்பதற்காகச் செய்தது.

அந்தப் பத்தியில் எண்பது பேர் இருந்தார்கள்.

சுவக்கீனைக் கூப்பிட்டாள். “அண்ணாச்சி, இதுவரைக்கும் எத்தனை பேருக்கு அந்தப் பட்டனை அமுக்கியிருக்கீங்க?”

“பத்தொம்பது.”

“நல்லா ஞாபகம் இருக்கா?”

“ஜெபப் புஸ்தகத்துல பேரெழுதி வச்சிருக்கேன். நவம்பர் ரெண்டாந்தேதி கல்லறைத் திருநாளுக்கு ஒவ்வொரு பேராச் சொல்லுவேன். இந்துக்களுக்கும் சேத்துத்தான். பத்தொம்பதேதான். ஏன்?”

“சும்மா கேட்டேன்” என்று வைத்துவிட்டாள்.

மற்ற அறுபத்தொரு பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தாள். போன வாரம் அவளோடு போனில் பேசியவர் அதில் இருந்தார். தேனியில் டெய்லர் கடை வைத்திருக்கிறவர், அகளியில் கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரி நர்ஸ் என்று எல்லாரும் உயிரோடு இருக்கிறவர்கள். நாற்பத்தேழாவதாக அவள் பேர் இருந்தது. வேலுத்தாய் லோகேஷ். காலமான தேதி, அவள் மகள் பிறந்ததற்கு மறுநாள்.

அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். வெளியே யாருடைய மாடோ தொட்டியில் தண்ணீர் குடிக்கும் சத்தம் கேட்டது.

ஆறு வருடங்களுக்கு முன், எட்டு மாத வயிற்றோடு உட்கார்ந்து, உறுப்பினர்களின் நச்சரிப்புக்காக அவள் ஒரு குறுக்கு வழி செய்தாள். ஒவ்வொரு மெயிலின் கடைசியிலும், பலர் கண்ணில் படாத பொடி எழுத்தில், ‘இந்த மடல் வேண்டாம்’ என்று ஒரு லிங்க். பாஸ்வேர்டு வேண்டாம், ஒரு தட்டு போதும். புதிதாக எழுத உடம்பு இடம் கொடுக்கவில்லை. பேரை நீக்குகிற நான்கு வரி புரோகிராம் ஏற்கெனவே இருந்தது, செத்தவர்களுக்கு எழுதியது. லிங்க்கை அதில் கொண்டுபோய் மாட்டினாள். ஒரு பட்டியலை வேண்டாம் என்றவர் ஆறிலிருந்தும் போனார், கூடவே காலமானார். யாரும் கண்டுபிடிக்கவில்லை. மெயில் வராமல் இருப்பதைத்தானே அவர்கள் கேட்டிருந்தார்கள்.

பொள்ளாச்சி ஆஸ்பத்திரிக் கட்டிலில், தையல் வலியோடு, வரிசையாக வந்த வரன் மெயில்களைப் பார்த்து எரிச்சலில் அந்த லிங்க்கைத் தானே தட்டியது இப்போது ஞாபகம் வந்தது. பிறகு பொறுப்பை சுவக்கீனிடம் ஒப்படைத்துவிட்டாள். மெயில் எதுவும் வராதபோது, சங்கம் தூங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

பழைய மெயில்களில் அந்த ஆடி மாதத்தைத் தேடி எடுத்தாள். ஃபாக்டரி ஆபீஸில் மட்டும் ஒரு நெட் லைன் வேலை செய்துகொண்டிருந்தது போலும். அங்கிருந்து போயிருந்தது.

‘மேல் டிவிஷன் ஏழாம் லயம் சுடலைமுத்து இன்று காலை ஐந்தரை மணிக்குத் தவறிவிட்டார். மகள் வேலுத்தாய் மீனாட்சிபுரத்திலிருந்து வந்து சேர வேண்டியிருப்பதால் நாளை இரண்டு மணிக்கு எடுக்கிறோம். ரோடு இல்லை. மறையூர் வழியாக வருகிறவர்கள் நடந்து வர வேண்டும். – நல்லமுத்து.’

முந்நூற்று ஐம்பத்திரண்டு பேருக்குப் போயிருந்தது. மகள் வரக் காத்திருக்கிறார்கள் என்று படித்த எவரும் மகளுக்குத் தெரியாது என்று எப்படி நினைப்பார்கள்?

மூன்று மணிக்குப் பால் வண்டிகளின் மணி கேட்டது. அவள் எழுந்து போய் அளந்தாள். ஒரு தடவைகூட அளவு பிசகவில்லை.

சாயங்காலம் அவள் கணவன் லோகேஷ் தொழுவத்தில் மாட்டைக் கழுவிக்கொண்டிருந்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் குழாயை மூடினான்.

“என்ன அம்மிணி, சொசைட்டீல யாராச்சு ஏதாச்சு பேசிப்போட்டாங்களா?”

அவள் சொன்னாள். அவன் மாட்டின் முதுகில் கையை வைத்தபடி முழுதும் கேட்டான்.

“மூணு வருசமா உங்கண்ணன நானும் கெட்டவன்னே நெனச்சுட்டிருந்தனே” என்றான் கடைசியில். “போனைப் போட்டுச் சொல்லீரு.”

“போன்ல சொல்ற சங்கதி இல்லீங்க.”

“அப்ப நாயித்துக்கெழம வெடியால மொத பஸ்ஸுக்குப் போயிரு. பாலை நாம் பாத்துக்கறேன்.” குழாயைத் திறக்கப் போனவன் நின்றான். “திட்டுனாலும் வாங்கிக்கோ. எதுத்துப் பேசிப்போடாத.”

மறுநாள் சுவக்கீனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் குரலைத் தாழ்த்தி, “அறுபத்தொரு பேரையும் சத்தமில்லாமத் திரும்பச் சேத்துரு தாயி. புதுப் பக்கம் வந்தாச்சுன்னு மட்டும் சொல்லுவோம். யாருக்குத் தெரியப்போவுது?” என்றார்.

“இந்த ஆறு வருஷத்துல எத்தனை துட்டி போயிருக்கும் அண்ணாச்சி?”

“எம்பது, தொண்ணூறு இருக்கும்.”

“அதுல எத்தனை வீட்டுல, எனக்குச் சொல்லலன்னு இன்னும் மூஞ்சி பாக்காம இருக்காங்களோ.”

“ஒங்க வீட்டை வச்சுச் சொல்லுதியா?”

“ஆமா.”

“சங்கத்துப் பேரு நாறிப்போவும், வேலு.”

“சங்கத்தைச் சொல்லப்போறதில்ல. என் பேரைத்தான் போடப்போறேன்.”

அவர் பெருமூச்சு விட்டார். “போடு. நாளைக்கு ஏச்செல்லாம் எனக்குத்தான் வரும். பழகின காதுதான்.”

இரண்டு நாள் உட்கார்ந்து புதிய பக்கத்தை முடித்தாள். ஆறு பட்டியல்கள், ஆறு கட்டங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் அது என்ன, மாதத்துக்கு எத்தனை மடல் வரும் என்று ஒரு வரி. ஒன்றை எடுத்தால் மற்ற ஐந்தும் அப்படியே இருக்கும். சேமித்ததும், என்னென்ன மிச்சமிருக்கிறது என்று சொல்லி ஒரு மடல் போகும். துட்டிக் கட்டத்தை எடுக்கவும் விட்டாள். ஆனால் எடுத்தால் கீழே ஒரு கேள்வி வரும்: ‘உங்கள் வீட்டிலேயே துட்டி என்றால் யாரைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும்? ஒரு போன் நம்பர்.’

பிறகு, அவள் போக மற்ற அறுபது பேருக்கும் கடிதம். நீங்கள் ஒரு மடல் வேண்டாம் என்றீர்கள், என் தப்பால் எல்லா மடல்களும் நின்றுபோயின, இந்தத் தேதியிலிருந்து இன்னின்ன துட்டிகள் உங்களுக்கு வந்திருக்க வேண்டும், வரவில்லை, உங்களுக்குச் சொல்லாமல் விட்டது அந்த வீட்டார் அல்ல, நான். கீழே முழுப் பேரும் போன் நம்பரும். ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்குப் போகும்படி வைத்தாள். அதற்கு முன்பு அண்ணன் அவள் வாயால் கேட்டிருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை பஸ் ஏறினாள்: பொள்ளாச்சி, உடுமலை, சின்னாறு செக்போஸ்ட், மறையூர். அங்கிருந்து ஜீப். மஞ்சப்புல் மேல் டிவிஷனில் இறங்கும்போது இரண்டரை மணி. ஏழாம் லயத்தின் முன்னால் அண்ணன் மனைவி முத்துப்பேச்சி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பார்த்தவள் கையிலிருந்த சட்டையை நன்றாக உதறிக் கொடியில் போட்டுவிட்டுத்தான் திரும்பினாள்.

“யாரு இது? வழி தப்பி வந்துட்டாப்புல இருக்கு.”

“அண்ணன் இருக்காரா மயினி?”

“இருக்காரு. அப்பாவுக்கு வராதவ அண்ணனுக்கு எதுக்கு வந்திருக்கா? அவரு இன்னும் சாகலியே.”

வேலுத்தாய் தலையைக் குனிந்துகொண்டாள். முத்துப்பேச்சி உள்ளே போய் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். கோபமிருந்தாலும் மலையேறி வந்தவளுக்குத் தண்ணீர் கொடுக்காமல் இருக்க முடியாது.

“சொல்லிட்டுக் குடிக்கேன் மயினி” என்றாள் வேலுத்தாய். வாசற்படி ஏறவில்லை.

நல்லமுத்து வந்து நிலையில் சாய்ந்து நின்றார். காது ஓரத்தில் நரைத்திருந்தது. சட்டையில் ஃபாக்டரித் தேயிலைத் தூளின் வாசனை. வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

அவள் நின்றபடியே சொன்னாள். எழுதி வைத்துக்கொண்டு வந்ததெல்லாம் போய்விட்டது. லிங்க், நான்கு வரி, ஆஸ்பத்திரிக் கட்டில், ஆறு மணிக்குப் போகப்போகும் கடிதம் என்று முன்னும் பின்னுமாக வந்தது. முடித்தபோது அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒம் பேரு செத்தவங்களோட இருந்துச்சா?”

“ஆமா.”

“அப்ப அந்த மெயிலு ஒனக்கு வரவே இல்ல.”

“வரல.”

“யாரு பண்ணினது?”

“நான்தாண்ணே. செஞ்சதும் நான்தான், தட்டினதும் நான்தான். நீங்க என் பேரை எடுக்கச் சொல்லிட்டீங்கன்னு நெனச்சுக்கிட்டேன்.”

கொடியில் துணிகள் சொட்டிக்கொண்டிருந்தன. அடுத்த வீட்டு ரேடியோவை யாரோ நிறுத்தினார்கள்.

“இந்த ஒரு தட்டுக்கா இந்த வீட்டுல மூணு வருஷமா தீவாளியும் பொங்கலும் இழவு வீடு மாதிரி கெடந்துச்சு?” என்றாள் முத்துப்பேச்சி. யாரிடம் கேட்கிறோம் என்று அவளுக்கே தெரியாத மாதிரி, செம்பைப் பிடித்தபடி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

நல்லமுத்து நிமிர்ந்து பார்த்தார். “ரெண்டு மணிக்குன்னு சொல்லியிருந்தோம். நாலு மணி வரைக்கும் வச்சிருந்தேன். மழை விடல. மேல கட்டியிருந்த படுதாவைக் காத்து பிச்சுட்டுப் போச்சு. வளைவுல ஒரு ஆளை நிப்பாட்டி வச்சிருந்தேன், நீ வாறது தெரிஞ்சா சத்தம் கொடுக்க.” நிறுத்தினார். “மெயிலு எல்லாருக்கும் போயிருச்சுன்னு ஆபீசுல சொன்னான். எல்லாருக்கும்னா ஒனக்கும்தான்னு நெனச்சேன். மறுநாளு டவரு வந்துச்சு. போன் போட்டிருக்கலாம். வராதவளுக்கு என்ன போனுன்னு இருந்துட்டேன்.”

அவள் திரும்பி ரோட்டு வளைவைப் பார்த்தாள்.

அவர் உள்ளே போனார். திரும்பி வந்தபோது தலையில் துண்டு கட்டியிருந்தார். படியிறங்கி முற்றத்துக்கு வந்து, அவளுக்கு எதிரே, இரண்டு எட்டு தள்ளி நின்றார். அவர் என்ன செய்யப்போகிறார் என்பது அவளுக்குப் புரிந்தது.

“ஏழாம் லயத்து சுடலைமுத்து” என்றார், அந்நியர் வாசலில் நிற்கிற குரலில். “காலைல அஞ்சரைக்குத் தவறிட்டாரு.”

மூன்றாவதாகச் சொல்ல வேண்டியதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார்.

“எடுத்தாச்சு” என்றார்.

வேலுத்தாய் முற்றத்தின் ஈரத்தில் அப்படியே உட்கார்ந்தாள். “எப்பா” என்று ஒரு சத்தம் அவளிடமிருந்து வந்தது. மூன்று வருடங்களாக வராத சத்தம். லயத்து வீடுகளிலிருந்து பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். இரண்டு பேர் ஒன்றும் கேட்காமல் வந்து அவளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். முத்துப்பேச்சி செம்பைக் கீழே வைத்துவிட்டு அவர்களோடு சேர்ந்தாள்.

நாலரை மணிக்கு அண்ணன் முன்னே நடக்க, அவள் பின்னால் போனாள். தேயிலைக்கு மேலே, காட்டு ஓரத்தில், எஸ்டேட்காரர்கள் விட்ட மேடு. அப்பாவின் தலைமாட்டில் கல் ஒன்று நட்டிருந்தது, பேர் இல்லை. மேட்டின் மண் தணிந்து, புல் முளைத்து, பக்கத்து மேடுகளிலிருந்து வித்தியாசம் தெரியாமல் ஆகிக்கொண்டிருந்தது. அண்ணன் காட்டியிராவிட்டால் அவளால் கண்டுபிடித்திருக்க முடியாது. இரண்டு பேரும் புல்லைப் பிடுங்கினார்கள். மஞ்சு மூட்டம் இறங்கும்வரை பிடுங்கினார்கள்.

திரும்பி வந்தபோது முத்துப்பேச்சி வீட்டுக்குப் பின்னால் கல்லடுப்பில் அண்டா நிறைய வெந்நீர் வைத்திருந்தாள். “குளிச்சிட்டு உள்ள வா. துட்டிக்குப் போய்ட்டு அப்பிடியே நடைய மிதிக்காத” என்றாள். குரலில் பழைய அதட்டல் வந்திருந்தது.

வேலுத்தாய் தலையில் முதல் செம்பை ஊற்றிக்கொண்டபோது, படியில் வைத்துவிட்டு வந்த அவளுடைய போன் அடித்தது. ஆறு மணி ஆகியிருந்தது, கடிதங்கள் போயிருக்கும். அடித்து ஓய்ந்து, உடனே மறுபடியும் அடித்தது. அவள் தண்ணீர் சொட்டச் சொட்ட எழுந்திருக்கப் பார்த்தாள்.

அதற்குள் முன்பக்கமிருந்து அண்ணனின் குரல் கேட்டது.

“ஆமா, நெசந்தான். அவதான் எழுதினா… ஒங்க சித்தி வீட்டுல ஒங்களுக்குச் சொல்லித்தான்யா இருக்காங்க, வந்து சேரல… இல்ல, அவ குளிக்கா. இப்பத்தான் அப்பா துட்டிக்குப் போய்ட்டு வந்தா… நான் அவ அண்ணன். எங்கிட்டச் சொல்லுங்க.”